நல்ல தண்ணியில் மூழ்கிய கப்பல்: ஒரகடத்திலிருந்து டோபர்மோரிக்கு ஒரு டைவிங் திட்டம்

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக ஆங்காங்கே சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன எபிசோடுல புதுச்சேரி கடல்ல டைவிங் கத்துக்கிட்ட கதையைச் சொன்னேன். அதைக் கேட்டுட்டு மாத்தூர்ல இருந்து ஒரு தம்பி குரல் பதிவு அனுப்பியிருந்தார். ரெண்டு கேள்வி. "அண்ணே, நீங்க கனடா போய் ஏரிக்குள்ள கப்பல் பார்த்ததா சொன்னீங்களே, அதுக்கு எப்படித் திட்டம் போட்டீங்க?" இது முதல் கேள்வி. "அதுக்கு முன்னாடி நம்ம பக்கத்துக் கல்குவாரியில இறங்கிப் பழகலாமா?" இது ரெண்டாவது.

ரெண்டாவதுக்கு இப்பவே பதில் சொல்லிடுறேன். வேண்டாம் தம்பி. ஏன்னு கடைசியில சொல்றேன். இன்னிக்கு முழுக்க முதல் கேள்விதான்.

என்னைப் புதுசா கேக்குறவங்களுக்கு ஒரு வரி அறிமுகம். நான் ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில மெயின்டனன்ஸ்ல இருக்கேன். வண்டலூர்–வாலாஜாபாத் ரோடும் சிங்கப்பெருமாள் கோவில்–ஸ்ரீபெரும்புதூர் ரோடும் சேர்ற இடத்துலதான் தினமும் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிறேன். என்கூட வந்தது ரெண்டு பேர். ஒருத்தன் வல்லம் வடகால் சிப்காட்ல வேலை பார்க்கிற நண்பன். இன்னொருத்தன் டொராண்டோவுல இருக்கிற என் சித்தி பையன். நண்பன் ரெண்டு வருஷ போனஸை இதுக்குன்னே எடுத்து வச்சிருந்தான். அதை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வரும்.

ஏன் ஏரி? ஏன் அவ்வளவு தூரம்?

நம்ம பக்கம் ஏரிக்குப் பஞ்சமே இல்ல. ஸ்ரீபெரும்புதூர் ஏரி, செம்பரம்பாக்கம்னு சொல்லிக்கிட்டே போகலாம். ஆனா அதெல்லாம் பாசனத்துக்கும் குடிதண்ணிக்கும் கட்டின ஏரி. செம்பரம்பாக்கம் முழுசா நிறைஞ்சாலே 24 அடிதான். அதுல கப்பல் ஓடினதும் இல்ல, மூழ்கினதும் இல்ல.

வட அமெரிக்காவோட பெரிய ஏரிகள் வேற விஷயம். அங்க 19ஆம் நூற்றாண்டுல நிலக்கரி, மரம், தானியம் எல்லாம் பாய்மரக் கப்பல்லதான் போச்சு. புயல், பாறை, தீ விபத்துன்னு நிறைய கப்பல் மூழ்கிச்சு. அந்தக் கப்பல்களைப் பார்க்கப் பேர்போன ஊர் டோபர்மோரி. கனடாவுல, ஒன்டாரியோ மாகாணத்துல, புரூஸ் தீபகற்பத்தோட நுனியில இருக்கிற சின்ன சுற்றுலா ஊர். ஒரு பக்கம் ஹியூரான் ஏரி, இன்னொரு பக்கம் ஜார்ஜியன் விரிகுடா. டொராண்டோவுல இருந்து கார்ல சுமார் நாலு மணி நேரம். அங்க இருக்கிற ஃபேதம் ஃபைவ் தேசிய நீர்ப் பூங்காவுல 20க்கு மேல மூழ்கின கப்பல் இருக்கு. 1987ல இருந்து அது தேசிய அளவுல பாதுகாக்கப்பட்ட இடம்.

கடல்லயும் மூழ்கின கப்பல் இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு. நம்ம பூம்புகார் கடல்லயே தேசியக் கடலியல் நிறுவனத்துக்காரங்க இறங்கி, ஈயக் கட்டிகளைக் கண்டுபிடிச்சாங்க. 1791, 1792னு ஆண்டு பொறிச்ச கட்டிங்க. ஈயம் நிக்கும். மரம் வெப்பக் கடல்ல அவ்வளவு காலம் நிக்கிறது கஷ்டம். காரணம், கப்பல் புழுன்னு சொல்ற ஒரு உயிரி. பேருதான் புழு, உண்மையில சிப்பி இனம். மரத்தைத் துளைச்சுத் தின்னுடும். அது உப்புத் தண்ணியிலதான் வாழும். ஏரியில கிடையாது. அதோட ஏரியோட அடித்தண்ணி சில்லுன்னு இருக்கறதால மரம் மக்குறதும் ரொம்ப மெதுவா நடக்கும். 140 வருஷத்துக்கு முன்னாடி மூழ்கின மரக்கப்பலோட பலகை அப்படியே இருக்கறதுக்கு இதுதான் காரணம்.

ஆக, கப்பலைக் காப்பாத்தி வச்சிருக்கறது குளிர். நமக்கு எதிரியா நிக்கிறதும் அதே குளிர்தான். எங்க திட்டத்துல ஒவ்வொரு வரியும் இதுல இருந்துதான் வந்துச்சு.

குளிரைப் புரிஞ்சுக்கிறது

கிராமத்துக் கிணத்துல குதிச்சவங்களுக்கு இது தெரியும். மேல் தண்ணி வெதுவெதுன்னு இருக்கும், கால்கிட்ட போனதும் சுரீர்னு குளிரும். பெரிய ஏரியில அதுவே பல மடங்கு. தண்ணி 4 டிகிரியிலதான் அதிக அடர்த்தியா இருக்கும், அதனால அந்தக் குளிர்ந்த தண்ணி அடியில போய்த் தங்கிடும். கோடையில வெயில் மேல் அடுக்கை மட்டும் சூடாக்கும். நடுவுல ஒரு எல்லை உருவாகும். அதைத் தாண்டினா திரையைத் தள்ளிட்டு ஏசி ரூமுக்குள்ள போற மாதிரி இருக்கும். ஆகஸ்ட்ல மேல 18, 20 டிகிரி இருந்தாலும், கீழ 4, 5 டிகிரி இருக்கலாம். நாம பழகின வங்கக் கடல் 27, 28 டிகிரி.

இதனால மூணு விஷயம் மாறுது.

முதல்ல, உடை. புதுச்சேரியில 3 மில்லிமீட்டர் வெட் சூட் போதும். அங்க ஆழத்துக்குப் போகணும்னா டிரை சூட் வேணும். தண்ணி உள்ள வராது, அதுக்குள்ள கதகதப்பான உடை போட்டுக்கலாம். ஆனா டிரை சூட்டுக்குள்ள காத்து இருக்கும். ஏறும்போது அந்தக் காத்து விரியும். அதை வெளிய விடத் தெரியலைன்னா பலூன் மாதிரி மேல போயிடுவோம், அது ஆபத்து. அதனால டிரை சூட்டுக்குத் தனிப் பயிற்சி எடுக்கணும். நாங்க டொராண்டோ போனதும் முதல் வேலையா அதைத்தான் செஞ்சோம்.

ரெண்டாவது, எடை. உப்புத் தண்ணி நல்ல தண்ணியைவிட சுமார் 2.5 சதவீதம் கனம். உங்க உடம்பும் சாமானும் சேர்ந்து 100 கிலோ தண்ணியை விலக்குதுன்னு வச்சுக்கங்க. கடலுக்கும் ஏரிக்கும் ரெண்டரைக் கிலோ வித்தியாசம் வரும். ஏரியில மிதப்பு குறைவு, அதனால ஈயக்கட்டி குறைச்சலாப் போதும். ஆனா டிரை சூட்டோட காத்துக்கு எதிரா ஈயம் கூட்டணும். ஒண்ணு குறைக்குது, இன்னொண்ணு கூட்டுது. நோட்டுல எழுதின பழைய எடை எதுக்கும் உதவாது. கரையோரமா இறங்கி, சரிபார்த்துட்டுத்தான் படகுல ஏறணும்.

மூணாவது, ரெகுலேட்டர். இதை நம்ம தொழிற்சாலைக்காரங்களுக்குச் சொல்றது சுலபம். டயர்ல இருந்து வேகமா காத்தை இறக்கினா வால்வு சில்லுன்னு ஆகுதில்லையா, அதேதான். சிலிண்டர்ல 200 பார் அழுத்தத்துல இருக்கிற காத்து, ரெகுலேட்டரோட முதல் கட்டத்துல சட்டுன்னு 10 பார் அளவுக்கு இறங்குது. அப்ப நல்லா குளிரும். சுத்தித் தண்ணியும் 5 டிகிரின்னா, உள்ள ஐஸ் கட்டி வால்வு திறந்தபடியே மாட்டிக்கும். காத்து நிக்காம கொட்டும். கொட்டக் கொட்ட இன்னும் குளிரும். ஆழத்துல ரெண்டு, மூணு நிமிஷத்துல சிலிண்டர் காலியாகிடலாம். அதனால 10 டிகிரிக்குக் கீழ வேலை செய்யற, குளிர்தண்ணிக்குன்னே அடைச்சு மூடின முதல் கட்டம்தான் வேணும். ஊர்ல இருந்து நம்ம ரெகுலேட்டரைத் தூக்கிட்டுப் போறது புத்திசாலித்தனம் இல்ல.

எந்தக் கப்பல்? சண்டை இங்கதான்

பட்டியல் போட்டோம். நாலு கப்பல்.

ஸ்வீப்ஸ்டேக்ஸ்: 1867ல கட்டின ரெண்டு பாய்மரக் கப்பல், சுமார் 36 மீட்டர் நீளம். 1885ல கோவ் தீவுகிட்ட அடிபட்டு, பிக் டப் துறைக்கு இழுத்துட்டு வந்து, அங்கேயே மூழ்கிச்சு. ஆழம் ஆறு மீட்டர்தான். அடிக்கட்டு கிட்டத்தட்ட முழுசா இருக்கு. கண்ணாடி அடித்தளப் படகுல போற சுற்றுலாக்காரங்களே மேல இருந்து பார்ப்பாங்க.

சிட்டி ஆஃப் கிராண்ட் ராப்பிட்ஸ்: 1907ல தீப்பிடிச்சு எரிஞ்ச பயணிகள் நீராவிக் கப்பல். ஸ்வீப்ஸ்டேக்ஸுக்குப் பக்கத்துலயே கிடக்கு. ஆழம் இன்னும் குறைவு.

நயாகரா 2: டைவிங்குக்காகவே 1999ல மூழ்கடிச்ச இரும்புக் கப்பல். அடி சுமார் 30 மீட்டர், மேல்தளம் சுமார் 20 மீட்டர்.

நாலாவது அரேபியா: 1853ல கட்டின பாய்மரக் கப்பல். சோளம் ஏத்திட்டு வரும்போது 1884ல மூழ்கிச்சு. 33 மீட்டருக்கு மேல ஆழம். ரொம்ப அழகான கப்பல். டைவ் பண்ணப் போன சிலர் உயிரையும் வாங்கின கப்பல்.

என் நண்பனுக்கு அரேபியாதான் கனவு. போட்டோவைப் பார்த்துட்டுத்தான் டைவிங் கத்துக்கவே வந்தான். எங்க மூணு பேர்கிட்டயும் அட்வான்ஸ்டு சான்றிதழ் இருந்துச்சு, அது 30 மீட்டர் வரைக்கும்தான். "மூணு மீட்டர் கூடுதலா போனா என்ன ஆயிடும்?"னு கேட்டான். ஒரகடம் டீக்கடையில நின்னு ஒரு மணி நேரம் சண்டை. "ரெண்டு வருஷம் போனஸ் சேர்த்து, ஆறு மீட்டர் ஆழத்துல கிடக்கிற கப்பலைப் பார்க்கவா அவ்வளவு தூரம் வரணும்?"னு கேட்டான். எனக்கு உடனே பதில் வரலை.

பேச்சை விட்டுட்டு நோட்டை எடுத்தேன். அந்தக் கணக்கை உங்களுக்கும் சொல்றேன். இந்த எபிசோடுல ஒண்ணே ஒண்ணு ஞாபகம் இருக்கணும்னா இது இருக்கட்டும்.

திரும்பி வர்ற காத்துக்குக் கணக்கு

கேள்வி இதுதான்: 33 மீட்டர்ல ஒருத்தன் காத்து முழுசா போயிடுச்சு. ரெண்டு பேரும் ஒரே சிலிண்டர்ல மேல வரணும். எவ்வளவு காத்து வேணும்?

பதட்டத்துல ஒருத்தர் நிமிஷத்துக்கு 30 லிட்டர் இழுப்பார்னு வைங்க. ரெண்டு பேருக்கு 60. 33 மீட்டர்ல அழுத்தம் சுமார் 4.3 பார். நிலைமையைப் புரிஞ்சு, வாய்க்கு ரெகுலேட்டரை மாத்த ஒரு நிமிஷம்: 60 பெருக்கல் 4.3, சுமார் 260 லிட்டர். நிமிஷத்துக்கு 9 மீட்டர் வேகத்துல மேல வர நாலு நிமிஷம், சராசரி அழுத்தம் 2.7 பார்: சுமார் 650 லிட்டர். 5 மீட்டர்ல மூணு நிமிஷம் நிக்கணும்: 270 லிட்டர். மொத்தம் 1,180 லிட்டர். வழக்கமான 11 லிட்டர் சிலிண்டர்ல அது 107 பார்.

முழு சிலிண்டரே 200 பார்தான். பாதிக்கு மேல தொடாமலே வச்சிருக்கணும். மிச்சம் 93 பார், அதாவது ஆயிரம் லிட்டர் சொச்சம். நிதானமா நிமிஷத்துக்கு 20 லிட்டர் இழுத்தாலும் அந்த ஆழத்துல 86 லிட்டர் போகும். இறங்குற நேரத்தையும் சேர்த்தே 11, 12 நிமிஷம். குளிர்ல யாரும் நிதானமா மூச்சு விடுறதில்ல. ஆக, பத்து நிமிஷம்கூட இல்ல. பெரிய சிலிண்டரும், ரெண்டாவது காத்து வழியும், ஆழத்துக்கான பயிற்சியும் இருக்கறவங்களுக்கு அது வேற கணக்கு. எங்ககிட்ட அது எதுவும் இல்ல.

இதே கணக்கை ஸ்வீப்ஸ்டேக்ஸுக்குப் போட்டா, ஆறு மீட்டர்ல நிமிஷத்துக்கு 32 லிட்டர்தான். தாராளமா முக்கால் மணி நேரம் பார்க்கலாம்.

நண்பன் நோட்டைப் பார்த்தான். ஒண்ணும் பேசலை. டீக்குக் காசு கொடுத்துட்டு, "சரி, நயாகரா வரைக்கும் போவோம்"னான். முகம் நல்லா இல்ல. எங்க பிளான்ட்ல ஒரு மெஷினுக்குள்ள கை வைக்கணும்னா பர்மிட் எழுதணும், மின்சாரத்தைப் பூட்டணும், சாவி நம்ம பாக்கெட்ல இருக்கணும். பூட்டாம கை வச்சு ஆயிரம் தடவை ஒண்ணும் ஆகாம இருக்கலாம். ஆயிரத்து ஓராவது தடவைக்குத்தான் பூட்டு. அதை அவனுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. அவனும் அதே வேலைதான் பார்க்கிறான்.

நாள் வாரியா திட்டம்

பின்னாடியில இருந்து எழுதினோம். ஊர் திரும்புற விமானம் எப்போன்னு முதல்ல குறிச்சோம். பல நாள் தொடர்ந்து டைவ் பண்ணினா, கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவுல குறைஞ்சது 18 மணி நேரம் வேணும். உடம்புல கரைஞ்ச நைட்ரஜன் வெளியேறணும். அதனால கடைசி நாள் டைவ் இல்ல, ஊர் சுத்துறது மட்டும். அதுக்கு முந்தின நாளைக் காத்துக்காக விட்டோம். ஜார்ஜியன் விரிகுடாவுல காத்து அடிச்சா படகு போகாது. காலி நாள் இல்லாதவன்தான் மோசமான நாள்ல இறங்குவான். அதுக்கு முன்னாடி நயாகரா 2. அதுக்கு முன்னாடி துறைக்குள்ள இருக்கிற ரெண்டு கப்பல். அதுக்கு முன்னாடி டிரை சூட் பயிற்சி. அதுக்கும் முன்னாடி ரெண்டு நாள் தூக்கம், பயணக் களைப்பு போக.

விசாவுக்கு அஞ்சு மாசம் முன்னாடியே விண்ணப்பிச்சோம். இன்சூரன்ஸ் எடுக்கும்போது சின்ன எழுத்தைப் படிங்க. சாதாரணப் பயணக் காப்பீட்டுல ஸ்கூபா இல்லாமப் போகலாம். டைவருக்குன்னு தனிக் காப்பீடு இருக்கு. டோபர்மோரி போனதும் பூங்காவோட பார்வையாளர் மையத்துல டைவர்கள் கண்டிப்பா பதிவு பண்ணணும். துறைக்குள்ள படகு நடமாட்டம் இருக்கறதால, இறங்கறதுக்குத் தோதான நேரத்தை அங்கேயே கேட்டுக்கங்க. டைவர் கொடி இல்லாம இறங்காதீங்க. ஒரு ஆணியைக்கூட எடுக்கக் கூடாது. பழைய மரக்கப்பலுக்குள்ள நுழையவும் வேண்டாம். நாம விடுற மூச்சுக்குமிழி தளத்துக்கு அடியில தேங்கி, பலகையை மேல தள்ளும். 140 வருஷம் நின்ன பலகை நம்ம மூச்சால உடையக் கூடாது.

நயாகராவுல நடந்தது

ஸ்வீப்ஸ்டேக்ஸ் நல்லபடியா முடிஞ்சது. தெளிஞ்ச பச்சைத் தண்ணி, சூரிய வெளிச்சம் பலகை மேல விழுது. அங்கங்க வரிக்குதிரைச் சிப்பி ஒட்டியிருக்கு. அது 1980கள் கடைசியில கப்பல் தண்ணியோட வந்து இந்த ஏரிகள்ல பரவின வெளியூர் உயிரி. நண்பன் தண்ணிக்குள்ளேயே கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து 'சூப்பர்'னு காட்டினான். ஆறு மீட்டர்னு கிண்டல் பண்ணினது அவன்தான்.

அடுத்த நாள் நயாகரா 2. சித்தி பையன் படகுலயே இருந்தான். நாங்க ரெண்டு பேர் இறங்கினோம். 20 மீட்டர், மேல்தளம். என் கடிகாரத்துல 7 டிகிரி. கொஞ்சம் கீழ இறங்கிட்டேன்னு, பி.சி.டி.க்குக் காத்து ஏத்துற பட்டனை அழுத்தினேன், அதே நேரத்துல ஆழமா மூச்சும் இழுத்தேன். குளிர்தண்ணியில ரெண்டையும் ஒண்ணாப் பண்ணாதீங்கன்னு பயிற்சியில சொல்லியிருந்தாங்க. பழக்கதோஷம். ரெகுலேட்டர் மாட்டிக்கிச்சு. முகத்தைச் சுத்திக் குமிழி, ஒண்ணும் தெரியலை. சத்தம் மட்டும் கேக்குது.

நண்பன் ஒரு கை தூரத்துல இருந்தான். அவனோட மாற்று ரெகுலேட்டரை என் வாயில வச்சான். என் தோள் பட்டையைப் பிடிச்சான். என் கண்ணைப் பார்த்து, 'மெதுவா'ன்னு கை காட்டினான். அப்ப அவன் மீட்டர்ல 110 பார். நாங்க மேல வந்து, 5 மீட்டர்ல மூணு நிமிஷம் நின்னு, படகு ஏணியைப் பிடிக்கும்போது 50 பார்.

டீக்கடையில போட்ட அதே கணக்குல 20 மீட்டருக்கு 66 பார் வேணும்னு வந்திருந்துச்சு. 80க்கு வந்தா திரும்பணும்னு முடிவு பண்ணியிருந்தோம். 60 பார் செலவாச்சு. இதுவே 33 மீட்டர்ல, பத்தாவது நிமிஷத்துல நடந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு ரெண்டு பேருக்கும் தெரியும். படகுல அதைப் பத்தி யாரும் பேசலை. சித்தி பையன் சூடா காபி ஊத்திக் கொடுத்தான். ரொம்ப நேரம் கழிச்சு நண்பன் சொன்னது ஒண்ணுதான்: "அந்த நோட்டைத் தூக்கிப் போட்டுடாத."

அடுத்த நாளும் தண்ணி அமைதியா இருந்துச்சு, இறங்கியிருக்கலாம். நாங்க இறங்கலை. கரையில உக்காந்திருந்தோம்.

கல்குவாரி கேள்விக்கு வருவோம்

மாத்தூர் தம்பிக்கு. சிக்கராயபுரம் மாதிரி நம்ம பக்கத்துல கைவிட்ட குவாரிகள்ல மழைத்தண்ணி தேங்கிக் கிடக்கு. தண்ணி தெளிவா இருக்கும், ஆசையா இருக்கும். ஆனா ஆழம் எவ்வளவுன்னு தெரியாது. சுவர் செங்குத்தா இருக்கும், ஏறி வர இடம் இருக்காது. அடியில கம்பி, கயிறு, பழைய சாமான் என்ன கிடக்குன்னு யாருக்கும் தெரியாது. மேல ஆக்சிஜன் வச்சுக்கிட்டு நிக்க ஆள் கிடையாது. நீச்சல் தெரிஞ்ச பசங்களே குவாரியில போய்ச் சேர்ந்த செய்தியை வருஷா வருஷம் படிக்கிறோம். வெளிநாட்டுல குவாரியில பயிற்சி கொடுக்குறாங்கன்னா, அங்க ஆழம் அளந்திருக்காங்க, இறங்கப் படி இருக்கு, ஆள் இருக்கு.

பழகணும்னா புதுச்சேரிக்குப் போங்க. சூடான தண்ணியிலயே காத்தைப் பகிர்ந்துக்கிட்டு மேல வர்றதைக் கை தன்னால போற வரைக்கும் பண்ணுங்க. என் நண்பன் அதை முப்பது தடவைக்கு மேல பண்ணியிருந்தான். நான் அவனைக் கிண்டல் பண்ணியிருக்கேன்.

அரேபியா இன்னும் அங்கேயேதான் இருக்கு. குளிர் அதைப் பத்திரமா வச்சிருக்கும். நண்பன் இப்ப ஆழத்துக்கான பயிற்சியில சேர்ந்திருக்கான், நானும் சேர்ந்திருக்கேன். நோட்டு என் லாக்கர்ல இருக்கு.

கேள்வி இருந்தா குரல் பதிவா அனுப்புங்க, அடுத்த எபிசோடுல எடுத்துக்கிறேன். நைட் ஷிப்ட் முடிஞ்சு பஸ்ல கேக்குறவங்க, உங்க நிறுத்தத்தை விட்டுடாதீங்க.